காலி செய்து மூன்று மாதம் ஆகியும் அட்வான்ஸ் வரவில்லை என்றால்

கடலூர் செம்மண்டலத்தில் நான்கு வருடம் குடியிருந்த வீட்டை மார்ச் கடைசியில் காலி செய்திருக்கிறீர்கள். வாடகை 9,000. கொடுத்திருந்த அட்வான்ஸ் 60,000. மூன்று மாதம் ஓடிவிட்டது. வீட்டுக்காரர் பெயிண்டுக்கு 22,000, பாத்ரூம் கதவுக்கு 6,000, புயல் மழையில் தண்ணீர் புகுந்து உப்பிப்போன அலமாரிக்கு 10,000 என்று மொத்தம் 38,000 பிடித்துக்கொள்வேன் என்கிறார். மீதி 22,000ஐயும் புதுக் குடி வந்த பிறகுதான் தருவாராம். அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்குப் போட்டது, அப்புறம் யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. “போலீசில் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது போலீசைப் பற்றி என்றாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம் என்று எனக்குப் படுகிறது. அவர் இப்படிப் பிடித்துக்கொள்ளலாமா, புதுக் குடி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டுமா, காலாவதியான அக்ரிமென்டை வைத்துக்கொண்டு உங்களால் எதையாவது நிரூபிக்க முடியுமா.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் 24 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். வாடகைத் தகராறுகளில் வீட்டுக்காரர் பக்கமும் நின்றிருக்கிறேன், குடித்தனக்காரர் பக்கமும் நின்றிருக்கிறேன். உங்கள் அக்ரிமென்டை நான் பார்க்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை. அதனால் சட்டம் தெளிவாகச் சொல்வதைத் தெளிவாகவே சொல்கிறேன். ஆளுக்கு ஆள் மாறக்கூடிய இடம் வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் போலீஸ் விஷயத்தை முடித்துவிடலாம். இது பண பாக்கி, சிவில் விவகாரம். ஸ்டேஷனில் மனு வாங்கி, மனு வந்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம். சில நேரம் அந்தப் பேச்சிலேயே முடிந்தும் விடும். ஆனால் பணத்தை வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. மிரட்டினார், கை வைத்தார், உங்கள் பொருளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் என்றால் அது வேறு. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

இனி உறுதியான விஷயம். தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று நீளமாகப் பெயர் இருக்கும். அதன் 11ஆவது பிரிவு அட்வான்ஸைப் பற்றியது. குடித்தனக்காரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புதுக் குடி வந்தபின் கொடுக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மாதம் ஏப்ரல் கடைசியிலேயே முடிந்துவிட்டது.

அதே பிரிவைக் காட்டி ஒரு தவறான நம்பிக்கையும் ஊரில் உலவுகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கியதே குற்றம், அதை வைத்து அவரை மடக்கலாம் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் என்ற வரம்பு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியமே, வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர, என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டு 60,000 கொடுத்திருக்கிறீர்கள். எனவே அந்த வாதத்தில் உங்கள் மூச்சைச் செலவழிக்க வேண்டாம். ஒரு மாதக் கெடுவும், எதைக் கழிக்கலாம் என்பதும்தான் உங்கள் பலம்.

எதைக் கழிக்கலாம்? இங்கேதான் எல்லாத் தகராறும் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது, எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று. குடித்தனக்காரர் உடைத்ததைத் தவிர்த்த கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் தலையில். குழாய், வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, வாஷ்பேசின், சாக்கடை அடைப்பு போன்ற அன்றாடப் புழக்கத்தில் தேய்வதும் உடைவதும் குடித்தனக்காரர் தலையில். அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் பார்ப்பார்கள்.

பெயிண்டுக்கு வருவோம். நம் பக்கத்தில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது வழக்கம், சட்டம் கிடையாது. உங்கள் அக்ரிமென்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் 9,000 போகும் என்றே மனதில் வையுங்கள், அதை எதிர்த்து வெல்வது கஷ்டம். அந்த வரி இல்லையென்றால், நான்கு வருடம் புழங்கிய வீட்டுக்கு முழுப் பெயிண்ட் செலவையும் உங்களிடம் வாங்க அவருக்கு வழியில்லை. நீங்கள் இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தாலும் அவர்தான் அடிக்க வேண்டியிருந்திருக்கும். இன்னொன்றும் பாருங்கள். கடலூரில் கடல் காற்றும் நிலத்தடி உப்பும் சேர்ந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு சுவர் ஓதம் ஏறி, உப்புப் பூத்துப் பெயிண்ட் செதில் செதிலாக உரியும். தேவனாம்பட்டினம் பக்கம் புது வீட்டில்கூட இரண்டு மழைக்காலத்தில் இதைப் பார்க்கலாம். அது கட்டடத்தின் கோளாறு. குடியிருந்தவர் ஈரத்துணி காயப்போட்டதால் வந்தது என்று வாதிட்ட வீட்டுக்காரர் ஒருவருக்கு நானே வக்கீலாக இருந்திருக்கிறேன். அந்த வாதம் நிற்கவில்லை, நிற்காது என்று அவருக்கு முன்பே சொல்லியும் இருந்தேன்.

அதே சமயம், உங்கள் பக்கத்தையும் நேர்மையாகப் பாருங்கள். குழந்தை கிரேயானில் வரைந்த சுவர், டிவி மாட்ட டிரில் போட்ட ஓட்டைகள், பூஜை அலமாரிக்கு மேல் படிந்த எண்ணெய்க் கரி இவையெல்லாம் சாதாரணத் தேய்மானத்துக்கு மேலே போகிறவை. அந்த ஒரு சுவரைச் சரிசெய்யும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். சாதாரணத் தேய்மானம் எது, சேதம் எது என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் கிடையாது. ஒரு அதிகாரி கண்ணுக்கு ஆறு ஆணி ஓட்டை சாதாரணம், இன்னொருவருக்கு அது சேதம். இந்த இடத்தில் யாராவது உறுதியாக இவ்வளவுதான் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பாத்ரூம் கதவும் இப்படித்தான். மரக்கதவின் அடிப்பாகம் வருடக்கணக்கில் தண்ணீர் பட்டு உளுத்துப் போயிருந்தால் அது தேய்மானம். தாழ்ப்பாள் மட்டும் உடைந்திருந்தால் அது உங்கள் செலவு, சில நூறு ரூபாய் வேலை. கதவை யாராவது மோதி உடைத்திருந்தால் அதுவும் உங்கள் செலவுதான். ஆனால் அப்போதும் நான்கு வருடம் பழகிய கதவுக்குப் புதுக் கதவின் முழு விலையைக் கேட்பது சரியில்லை.

அலமாரி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இங்கே எல்லோருக்கும் தெரியும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, குடித்தனக்காரர் குடிவந்தபோது வீடு இருந்த நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இரண்டு விதிவிலக்கு வைக்கிறது. ஒன்று நியாயமான தேய்மானம். மற்றது தடுக்க முடியாத சக்தி. வீட்டுக்குள் ஒரு முழம் வெள்ளம் ஏறியதைவிடத் தடுக்க முடியாத சக்தி எது? பிளைவுட் அலமாரி தண்ணீரில் ஊறினால் உப்பத்தான் செய்யும். அன்றைக்கு நீங்கள் எடுத்த போட்டோக்கள் போனில் இருந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஈரமான அலமாரியைப் பற்றி அப்போதே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தால் அது இன்னும் நல்லது.

அவர் நியாயமாகக் கழிக்கக்கூடிய இன்னொன்று கரன்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், நீங்கள் போன நாளுக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் நடுவே உங்கள் யூனிட் கொஞ்சம் நிற்கும். அதை மறைக்காமல் நீங்களே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். காலி செய்வதை முன்கூட்டி எத்தனை நாள் முன் சொன்னீர்கள் என்பதையும் பாருங்கள். அக்ரிமென்டில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் என்று இருந்து, நீங்கள் பத்து நாளில் கிளம்பியிருந்தால், அந்தக் குறைக்கு அவர் வாடகை கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது அக்ரிமென்ட். பதினோரு மாதம் முடிந்த பிறகும் நீங்கள் வாடகை கொடுத்தீர்கள், அவர் வாங்கிக்கொண்டார். அதனால் மாதக் குடித்தனமாக அது தொடர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். காகிதம் காலாவதி ஆனதால் அட்வான்ஸ் அவருடையதாகிவிடாது. அதில் “ரூபாய் 60,000 முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன்” என்ற வரியும் அவர் கையெழுத்தும் இருக்கிறதல்லவா, அதுதான் உங்கள் சொத்து. முத்திரைத்தாள் மதிப்பு குறைவாக இருந்தால், கோர்ட்டில் அதைக் காட்டும்போது விட்டுப்போன தீர்வையையும் அபராதத்தையும் கட்டச் சொல்வார்கள். புதிய சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, நீங்களும் செய்யவில்லை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் அந்தப் பொறுப்பில் நியமித்திருப்பார். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு அங்கே போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். உங்கள் வழக்கில் பலவீனமான இடம் இதுதான், மறைத்துப் பயனில்லை. அதனால் அக்ரிமென்டோடு நிறுத்தாமல் மற்ற ஆதாரங்களையும் திரட்டுங்கள். மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிய வாடகை, அந்த முகவரிக்கு வந்த கேஸ் பில், நீங்கள் கட்டிய கரன்ட் பில் எல்லாம் நீங்கள் அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. “புதுக் குடி வந்ததும் 22,000 தருகிறேன்” என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியதாகச் சொல்கிறீர்கள். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். அட்வான்ஸ் தன்னிடம் இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்ட வாக்குமூலம் அது. இப்படிப்பட்ட பண பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் கெடு. எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். கோர்ட் வரை போனால் இந்த மாதிரிச் செய்திகளை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். போனை மாற்றினாலும் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இனிமேல் போன் போட்டுப் பணத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கணக்கைக் கேளுங்கள், எழுத்தில். இத்தனை வருடத்தில் நான் கண்டது இது. “எப்ப சார் பணம் தருவீங்க?” என்றால் பதில் “பார்க்கலாம்” என்றே வரும். “38,000க்கு என்ன வேலை செய்தீர்கள், யார் செய்தார், பில் எங்கே?” என்று வரிசையாக எழுதிக் கேட்டால், வேலையே செய்யாதவரால் பதில் எழுத முடியாது. பெயிண்ட் அடிக்காமலேயே பெயிண்டுக்குப் பிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்குக் கடிதம் போதும். எந்தத் தேதியில் சாவி கொடுத்தீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு, நீங்களே ஒப்புக்கொள்ளும் கழிவு என்ன, மீதி எவ்வளவு, எத்தனை நாளில் எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று எழுதுங்கள். கெடு தாண்டினால் இந்தக் கடிதத் தேதியிலிருந்து வட்டியும் கேட்பேன் என்று ஒரு வரி சேருங்கள். 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, எழுத்தில் முன்பே கேட்டிருந்தால்தான் அந்தத் தேதியிலிருந்து வட்டி கேட்க இடமுண்டு, அதனால் அந்த வரி முக்கியம். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வசவு, மிரட்டல் ஒன்றும் வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளைக்கு மூன்றாவது ஆள் ஒருவர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், சுவர், தாழ்ப்பாள், கரன்ட் என்று 4,000 நானே கழித்துக் காட்டி 56,000 கேட்பேன். பெயிண்ட் வரி அக்ரிமென்டில் இருந்தால் 47,000. அதற்குக் கீழே இறங்குவது உங்கள் விருப்பம், ஆனால் எதற்காக இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்குங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான வீட்டுக்காரர்களிடம் அட்வான்ஸ் பணம் பணமாக இருப்பதில்லை. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, மாடி கட்டியது என்று வாங்கிய மாதமே போயிருக்கும். புதுக் குடி கொடுக்கும் அட்வான்ஸ்தான் பழைய குடிக்குத் திரும்பும். கணவர் இறந்த பிறகு அந்த ஒரு போர்ஷன் வாடகையை வைத்தே வாழ்ந்த ஒரு அம்மாவுக்காக நான் பேசியிருக்கிறேன். அவரிடம் கொடுக்க மனம் இருந்தது, பணம் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்த வகை என்று தோன்றினால், தவணை கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாமல், மொத்தத் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்ட செக் வாங்கிக்கொள்ளுங்கள். செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் கொடுக்காவிட்டால் காசோலை வழக்குப் போடலாம். வெறும் அட்வான்ஸ் பாக்கியைவிட அது உங்களுக்கு வலுவான நிலை. தவணை அவரைக் காப்பாற்றும், செக் உங்களைக் காப்பாற்றும்.

கடிதத்துக்குப் பதிலே இல்லையென்றால், நேராக வழக்கு என்று பாயாதீர்கள். மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்குக்கு முந்தைய மனு என்று ஒரு மனு கொடுத்தால், அவருக்கு அழைப்பு அனுப்பி இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே உடன்பாடு ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பானால், அது சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீலும் கிடையாது. நீங்கள் பெண் என்று எழுதியிருப்பதால், வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உதவிக்கும் உங்களுக்குத் தகுதி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். அட்வான்ஸ் தகராறுக்கு இதுவே சரியான இடம் என்பது என் அனுபவம். பணம் பெரிதில்லை, ஆதாரம் சிக்கலில்லை, இரண்டு பேருக்கும் நேருக்கு நேர் பேச ஒரு மரியாதையான மூன்றாவது ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர் வரவே இல்லையென்றால், அப்போது அக்ரிமென்டை ஒரு வக்கீலிடம் காட்டி, வாடகைக் கோர்ட்டா, சாதாரண சிவில் வழக்குகளைப் பார்க்கும் முன்சீப் கோர்ட்டா என்று முடிவு செய்யுங்கள். பதிவில்லாத ஒப்பந்தம் என்பதால் அந்த முடிவைத் தாளைப் பார்க்காமல் நான் இங்கே சொல்வது சரியாக இருக்காது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்பவர்களும் உண்டு. வெறும் வீட்டு வாடகையை அங்கே சேவையாக எடுத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம், அதில் காலத்தை விடாதீர்கள்.

நீங்கள் இப்போது புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருப்பதாக எழுதியதால் ஒன்று. வீடு எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சட்டம்தான். செம்மண்டலம் வீட்டுக்கு மேலே சொன்னது பொருந்தும். புதுச்சேரிக்குத் தமிழ்நாட்டின் 2017 சட்டம் பொருந்தாது. அங்கே கட்டட வாடகைக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. இதைப் படித்துவிட்டு அங்கே குடியிருப்பவர்கள் ஒரு மாதக் கெடு என்று அப்படியே எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம். போக்கியத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டியவர்களின் கணக்கும் வேறு.

புது வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். ஜூனியராக இருந்தபோது நானே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டைக் காலி செய்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனேன். வீட்டுக்காரர் சாவி இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது என்று சொல்லி இரண்டு மாத வாடகையைக் கழித்தார். கொடுத்த தேதியைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வக்கீலாக இருந்தும் இழந்தேன். அதனால் இந்த வாரமே புது வீட்டின் ஒவ்வொரு சுவரையும், குழாயையும், மீட்டரையும் வீடியோ எடுத்து அந்த வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பழைய வீட்டுச் சாவியை யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. அதை எழுதுங்கள், கடிதத்தின் முதல் வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். சாவி இன்னும் உங்களிடமே இருந்தால், பணம் வரட்டும் என்று பிடித்து வைக்காதீர்கள். சாவி உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் வாடகை கேட்பார். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கிவிட்டு வாருங்கள்.